பதினான்கு அணிகளில் ஆடிய பிட்சர்: எட்வின் ஜாக்சன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பால் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எட்வின் ஜாக்சன் பெயரை எடுக்காமல் இருப்பதில்லை. உடனே சுற்றி இருப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரும். ஒருவர் கேட்டதையே அடுத்தவரும் கேட்பார். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பேஸ்பால் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காதவர்கள் முதல் கேள்வியிலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகர்கின்றன.

பிட்சர்னா நம்ம கிரிக்கெட் பௌலர் மாதிரிதானே?

வேலை ஒன்றுதான்: எதிரில் நிற்பவர் அடிக்க முடியாதபடி பந்தை அனுப்புவது. முறை வேறு. பிட்சர் ஓடி வர மாட்டார், மேட்டின் மேல் நின்ற இடத்திலிருந்து வீசுவார். முழங்கையை மடக்கி எறியலாம். பந்து தரையில் படாமல் நேராகப் போய்ச் சேர வேண்டும். பேட்டர் நிற்கும் இடத்துக்கும் பிட்சருக்கும் நடுவே 18.44 மீட்டர்தான்.

அதைவிட முக்கியமான வித்தியாசம், ஓவர் கணக்கு கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் தொண்ணூறு, நூறு பந்துவரை தொடர்ந்து வீசுவார். அப்புறம் நான்கைந்து நாள் ஓய்வு. இவரை ஸ்டார்ட்டர் என்பார்கள். அவருக்குப் பின்னால் வந்து ஓரிரு இன்னிங்ஸ் (ஒரு ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் எதிரணியின் மூன்று பேரை அவுட் ஆக்க வேண்டும்) வீசுபவர் ரிலீவர். எட்வின் ஜாக்சன் பெரும்பாலும் ஸ்டார்ட்டர். 412 ஆட்டங்களில் வீசியவர், அதில் 318 ஆட்டங்களை அவரே தொடங்கினார்.

பதினாலு டீம்னு சொல்றீங்களே, நிஜமாவா? எந்தெந்த டீம்?

நிஜம்தான். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் இருப்பதே 30 அணிகள். அதில் கிட்டத்தட்டப் பாதியின் சட்டையை அவர் போட்டிருக்கிறார். வரிசையாகச் சொன்னால்: லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ், டாம்பா பே, டெட்ராய்ட் டைகர்ஸ், அரிசோனா டயமண்ட்பேக்ஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், வாஷிங்டன் நேஷனல்ஸ், சிகாகோ கப்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ், மயாமி மார்லின்ஸ், சான் டியாகோ பாட்ரேஸ், பால்டிமோர் ஓரியோல்ஸ், ஓக்லண்ட் அத்லெடிக்ஸ், டொராண்டோ புளூ ஜேஸ்.

2003 முதல் 2019 வரை, 17 சீசன்கள். இதில் டெட்ராய்டுக்கும் வாஷிங்டனுக்கும் இரண்டாவது முறையும் போனார். இப்படி ஊர் ஊராக மாறிக்கொண்டே இருப்பவர்களை அங்கே ஜர்னிமேன் என்கிறார்கள்.

ஜெர்மனியில பிறந்தவர்னு படிச்சேன். அப்புறம் எப்படி அமெரிக்கர்?

அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தார். அதனால் 1983 செப்டம்பர் 9 அன்று அன்றைய மேற்கு ஜெர்மனியின் நொய்-உல்ம் (Neu-Ulm) ஊரில் பிறந்தார். வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில். 2001இல் பள்ளியை முடித்ததும் டாட்ஜர்ஸ் அணி அவரை டிராஃப்டின் ஆறாவது சுற்றில் எடுத்தது. டிராஃப்ட் என்பது, அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர நிகழ்ச்சி. ஆறாவது சுற்று என்றால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை எடுத்து முடித்த பிறகு.

மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் 2003 செப்டம்பர் 9. அன்று அவருக்குச் சரியாக இருபது வயது. எதிரணியில் வீசியவர் ராண்டி ஜான்சன், அந்தக் காலத்தின் மிகப் பெரிய பிட்சர்களில் ஒருவர். ஜாக்சனின் அணி ஜெயித்தது. அப்படித் தொடங்கிய பையனைப் பற்றி டாட்ஜர்ஸ் வட்டாரத்தில் எவ்வளவு பெரிய கனவுகள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் அவர்மேல் வந்த குறைகளில் பாதி, இந்த ஒரு நாளோடு ஒப்பிட்டதால் வந்தவை என்பது என் எண்ணம்.

இத்தனை டீம் மாத்தினாங்கன்னா சரியா ஆடலைன்னுதானே அர்த்தம்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இல்லை என்பதுதான் பதில். மோசமாக ஆடுகிறவரை மேஜர் லீக்கில் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினான்காவது அணி ஒருவரை எடுக்கிறது என்றால், அதற்கு முந்தைய பதிமூன்று அணிகள் அவரை விட்டதைப் பார்த்த பிறகும் எடுக்கிறது.

ஜாக்சன் மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக வீசக்கூடியவர். நல்ல ஸ்லைடர், அதாவது பேட்டரை நெருங்கும்போது பக்கவாட்டில் விலகும் பந்து, இருந்தது. உடம்பு உறுதியானது, முறை வந்தால் கண்டிப்பாக வந்து நிற்பார். கட்டுப்பாடு மட்டும் சில நாள் கைகொடுக்காது. இந்தக் கலவைக்கு அங்கே எப்போதும் கிராக்கி உண்டு. 162 ஆட்டம் கொண்ட நீண்ட சீசனில் ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது ஐந்து ஸ்டார்ட்டர்கள் தேவை, ஜூலை வந்தால் அதில் ஒருவருக்காவது தோள்பட்டையோ முழங்கையோ போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் வாழ்க்கையை 2011 கடைசியில் இரண்டாக வெட்டலாம். அதற்கு முன்னால் நடந்த மாற்றங்கள் எல்லாம் மற்றவர்கள் அவரை விரும்பிக் கேட்டு வாங்கியவை. அதற்குப் பின்னால் நடந்தவற்றில் டொராண்டோவைத் தவிர மீதி எல்லாம் அவரே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தவை. இரண்டும் வேறு வேறு கதை. கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

ட்ரேட்னா என்ன? ஐபிஎல் ஏலம் மாதிரியா? ஆட்டக்காரர் முடியாதுன்னு சொல்ல முடியாதா?

ஏலம் கிடையாது. இரண்டு அணிகள் பேசி முடித்து ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வார்கள். ஒப்பந்தம் ஆட்டக்காரரோடு சேர்ந்தே போகும், சம்பளம் மாறாது, ஊர் மட்டும் மாறும். நேற்று இரவு வரை கூட ஆடியவர்களுக்கு எதிராக அடுத்த வாரம் வீச வேண்டி வரும்.

மறுக்கும் உரிமை பெரும்பாலோருக்குக் கிடையாது. ஒப்பந்தத்திலேயே பேசி அந்த உரிமையை வாங்கியவர்கள் சிலர் உண்டு. அது தவிர, மேஜர் லீக்கில் பத்து வருடம் முடித்து, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவருக்குத் தானாகவே அந்த உரிமை வரும். ஜாக்சன் எந்த அணியிலும் ஐந்து வருடம் இருந்ததில்லை. ஆகவே 17 சீசன் ஆடியும் இந்த உரிமை அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஊர் மாறிக்கொண்டே இருப்பவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை. அவருக்கு அது எட்டாதபடி விதி அமைந்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நல்லா ஆடினா ஏன் விட்டாங்க? அது மட்டும் புரியவே இல்லை.

சம்பள முறையைப் புரிந்துகொண்டால் இது புரிந்துவிடும். மேஜர் லீக்கில் முதல் மூன்று வருடம் கிட்டத்தட்டக் குறைந்தபட்சச் சம்பளம்தான். அடுத்த மூன்று வருடம் நடுவர் முன்னால் வாதாடி உயர்த்திக்கொள்ளலாம், வருடா வருடம் ஏறும். ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், யாரோடு வேண்டுமானாலும் ஒப்பந்தம் போடலாம். ஆக, நான்காவது ஐந்தாவது வருடத்தில் இருக்கும் நல்ல பிட்சர், சம்பளம் ஏறிக்கொண்டிருப்பவர், சீக்கிரம் போய்விடக்கூடியவர். அந்த நேரத்தில் அவரைக் கொடுத்துவிட்டு இளையவர்களை வாங்குவதுதான் பல அணிகளின் கணக்கு.

ஜாக்சன் வாழ்க்கையில் இது அப்படியே நடந்தது. 2008இல் டாம்பா பேவுக்காக 14 வெற்றி (பிட்சர் பெயரில் வெற்றி எழுதும் வழக்கத்தைக் கீழே சொல்கிறேன்). அணி முதன்முறையாக மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் வரை போனது. அந்தக் குளிர்காலத்திலேயே மேட் ஜாய்ஸ் என்ற இளம் ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டு டெட்ராய்டுக்குக் கொடுத்தார்கள். 2009இல் டெட்ராய்டில் 13 வெற்றி, அந்த வருடத்தின் சிறந்தவர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. அந்த டிசம்பரிலேயே மூன்று அணிகள் சேர்ந்து செய்த ட்ரேடில் அரிசோனாவுக்குப் போனார். அதே ட்ரேடில் அரிசோனாவிலிருந்து டெட்ராய்டுக்கு வந்தவர் மேக்ஸ் ஷெர்ஸர். பின்னாளில் மூன்று முறை சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அப்படிப்பட்ட ஒருவரை உள்ளடக்கிய பேரத்தில் மறுபக்கம் நிற்கும் அளவுக்கு ஜாக்சனுக்கு அன்று மதிப்பு இருந்தது. இதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

நோ-ஹிட்டர் போட்டாராமே, அது என்ன அவ்வளவு பெரிய விஷயமா?

பேட்டர் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஒரு பேஸை அடைந்தால் அது ஹிட்; நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். ஒன்பது இன்னிங்ஸ் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடிப்பதுதான் நோ-ஹிட்டர். மிகப் பெரிய பிட்சர்கள் பலருக்கு வாழ்நாளில் ஒன்றுகூட அமைந்ததில்லை.

ஜாக்சனுடையது 2010 ஜூன் 25, அரிசோனாவுக்காக, தன் பழைய அணியான டாம்பா பேவின் சொந்த மைதானத்தில். 1–0 வெற்றி. அந்த ஒரு ரன் ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி எல்லையைத் தாண்டிய அடி. ஹிட் கொடுக்கவில்லையே தவிர, ஆட்டம் சுத்தமாக இல்லை. எட்டு பேருக்கு வாக் கொடுத்தார், அதாவது நான்கு மோசமான பந்து வீசி அவர்களைச் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பினார். அதில் ஏழு, முதல் மூன்று இன்னிங்ஸுக்குள். மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள், ஒருவர்கூட அவுட் இல்லை. அங்கிருந்து ரன் கொடுக்காமல் தப்பித்தார்.

முடிக்கும்போது 149 பந்து வீசியிருந்தார். முதல் பதிலில் சொன்ன நூறு பந்துக் கணக்கோடு ஒப்பிட்டால் இதன் பாரம் தெரியும். இன்றைக்கு எந்த மேனேஜரும் ஒரு பிட்சரை 149 பந்துவரை விடமாட்டார். அன்று விட்ட ஏ.ஜே. ஹின்ச் அடுத்த வாரமே பதவி இழந்தார். காரணம் அந்த ஆட்டம் இல்லை, அணி அந்த சீசன் முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தது. ஐந்தே வாரத்தில் ஜாக்சனும் ட்ரேட் ஆகி சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போய்விட்டார். அரிசோனா வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒருவர்தான் ஹிட் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்திருந்தார். ஜாக்சனின் முதல் ஆட்டத்தில் எதிரில் வீசிய அதே ராண்டி ஜான்சன்.

ஒரே நாள்ல ரெண்டு டீம் மாறினாருன்னு சொல்றாங்களே, அது கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. 2011 ஜூலை 27. காலையில் அவர் ஒயிட் சாக்ஸ் பிட்சர். டொராண்டோ அவரை வாங்கியது. அன்றே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. டொராண்டோவுக்கு வேண்டியிருந்தது கார்டினல்ஸின் கோல்பி ராஸ்மஸ், கார்டினல்ஸுக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்டார்ட்டர். நடுவில் ஜாக்சன் ஒரு பாலம். டொராண்டோ சட்டையை அன்று அவர் போடவே இல்லை.

அதே ட்ரேடில் டொராண்டோவிலிருந்து ஆக்டேவியோ டோடெல் என்ற ரிலீவரும் கார்டினல்ஸுக்குப் போனார். அடுத்த வருடம் 13 அணிகளில் ஆடியவர் என்ற சாதனை டோடெலுக்கு வந்தது. அதை முறியடித்தவர் ஜாக்சன். இந்தப் பட்டியலின் இரண்டு பெரிய பெயர்கள் ஒரே நாளில், ஒரே பேரத்தில், ஒரே அணிக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்த பேஸ்பால் தகவல்களில் இது ஒன்று.

கோப்பை ஏதாவது ஜெயிச்சிருக்காரா?

அந்த 2011லேயே. ஜூலைக் கடைசியில் வந்து சேர்ந்தார், அக்டோபரில் கார்டினல்ஸ் டெக்சாஸ் ரேஞ்சர்ஸை ஏழு ஆட்டங்களில் வென்று வேர்ல்ட் சீரிஸைக் கைப்பற்றியது. நான்காவது ஆட்டத்தை ஜாக்சன் தொடங்கினார், ஏழு வாக் கொடுத்தார், அந்த ஆட்டம் தோல்வி. ஆனால் கோப்பை வென்ற அணியினருக்குக் கிடைக்கும் மோதிரம் மோதிரம்தான். டோடெலுக்கும் சேர்த்து.

107 வெற்றி, 133 தோல்வி. தோல்விதானே அதிகம்?

பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரில் எழுதும் வழக்கம் பழையது, இன்று பலரும் அதை அதிகம் நம்புவதில்லை. ஸ்டார்ட்டர் ஐந்து இன்னிங்ஸாவது வீசி, விலகும்போது தன் அணி முன்னிலையில் இருந்து, கடைசிவரை அந்த முன்னிலை நிலைத்தால்தான் அவர் கணக்கில் வெற்றி. அவர் ஒரு ரன் மட்டும் கொடுத்து, சொந்த அணி ஒரு ரன்னும் எடுக்கவில்லை என்றால் தோல்வி அவர் பெயரில்.

2007இல் டாம்பா பே 66 ஆட்டம் ஜெயித்து 96 தோற்றது. ஜாக்சன் கணக்கு 5–15, அதாவது 5 வெற்றி, 15 தோல்வி. அடுத்த வருடம் அதே அணி 97 ஜெயித்தது, ஜாக்சன் 14–11. 2013இல் கப்ஸ் அணியும் அதே போல 66–96, ஜாக்சன் 8–18. லீக்கிலேயே அதிகத் தோல்வி அந்த வருடம் அவருக்குத்தான். பாதிப் பங்கு அணியுடையது.

மீதிப் பாதி அவருடையது, அதையும் சொல்ல வேண்டும். ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களை விட்டுவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று காட்டும் ஈ.ஆர்.ஏ. கணக்கு அவருக்கு வாழ்நாள் முழுவதுக்கும் 4.78. இது சுமார்தான். 2009இல் 3.62, அது நன்று. 2014இல் 6.33, அது மோசம். ஏற்ற இறக்கம் உள்ளவர். ஆனால் 1,900 இன்னிங்ஸுக்கு மேல் வீசி, 1,508 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடித்து ஆட விடாமலே அவுட்) ஆக்கியிருக்கிறார். மேஜர் லீக்கில் ஒரு நாளாவது நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த எண்ணின் பக்கத்தில்கூட வந்ததில்லை.

ஒப்பந்தம் நடுவுல கப்ஸ் வெளியே அனுப்பினாங்களே, பணம் போச்சா?

போகவில்லை. மேஜர் லீக் ஒப்பந்தம் ஆட்டத்தின் தரம் குறைந்தாலும் உறுதியானது. 2013இல் கப்ஸ் அவரோடு நான்கு வருடத்துக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது. 2015 ஜூலையில் விடுவித்தது. மீதி ஒன்றரை வருடப் பணத்தையும் கப்ஸ்தான் கட்ட வேண்டும்.

இதில்தான் அவர் பின்னால் அத்தனை அணிகள் மாறியதன் ஒரு ரகசியம் இருக்கிறது. இப்படி விடுவிக்கப்பட்டவரை எடுக்கும் புதிய அணி குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் கொடுத்தால் போதும், மீதி பழைய அணியின் தலையில். ஆகவே அட்லாண்டாவும், 2016இல் மயாமியும் சான் டியாகோவும் பெரிய செலவில்லாமல் அனுபவசாலி ஒருவரைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. எடுப்பதும் சுலபம், விடுவதும் சுலபம்.

'டெசிக்னேட்' பண்ணிட்டாங்கன்னு செய்தியில வருதே, அப்படின்னா?

ஒவ்வொரு அணிக்கும் 40 பேர் கொண்ட பட்டியல் உண்டு, அதிலிருந்து 26 பேர் களத்துக்கான அணி. புதிதாக ஒருவரைச் சேர்க்க இடமில்லை என்றால், இருக்கும் ஒருவரை அந்த 40இலிருந்து எடுக்க வேண்டும். அதுதான் டெசிக்னேட் செய்வது. ஒரு வாரத்துக்குள் அவரை வேறு அணிக்குக் கொடுக்க வேண்டும், அல்லது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ள விட வேண்டும், யாரும் எடுக்காவிட்டால் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீக்குக்கு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். அந்த ஆட்டக்காரர் அந்த நாட்களில் எந்த அணியிலும் ஆட முடியாது, தகவலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஐந்து வருட அனுபவம் உள்ளவர் மைனர் லீக்குக்குப் போக மறுத்து, சம்பளத்தோடு வெளியேறலாம். ஜாக்சனுக்கு அந்த உரிமை இருந்தது. இருந்தும் பல முறை தானாகவே மைனர் லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆல் ஸ்டார் ஆனவர் மறுபடி மைனர் லீக் போறது அவமானம் இல்லையா?

நான் அதை அவமானமாகப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதில், பணத் தேவை இல்லாத நிலையில், இருபது வயதுப் பையன்களோடு மைனர் லீக்கின் மேல் படியான டிரிபிள்-ஏ மைதானங்களில் வீசியவர் அவர். அங்கே சம்பளம் குறைவு, பயணம் கடினம், கூட்டம் சிறியது. அழைப்பு வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆட்டத்தின் மேல் ஆசை இல்லாத யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்.

பலனும் கிடைத்தது. 2018 ஜூனில் ஓக்லண்ட் அவரைக் களத்துக்கு அழைத்தது. அங்கே பல ஸ்டார்ட்டர்கள் காயத்தில் இருந்தார்கள். 17 ஆட்டங்களைத் தொடங்கி 6–3, ஈ.ஆர்.ஏ. 3.33. முப்பத்து நான்கு வயதில், பதின்மூன்றாவது அணியில், தன் வாழ்நாளின் மிகச் சிறந்த சராசரிகளில் ஒன்று. அந்த வருடம் ஓக்லண்ட் 97 ஆட்டங்கள் ஜெயித்து அடுத்த கட்டத்துக்குப் போனது. ஜாக்சன் இல்லாமல் அது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

பேட்டர்களை விட பிட்சர்கள்தான் இப்படி அதிகம் மாறுறாங்களா?

ஆமாம். அதிக அணிகளில் ஆடியவர்கள் பட்டியலில் முதல் மூன்று இடமும் பிட்சர்களுக்கே. காரணம், பிட்சரின் கை சீக்கிரம் கெடும், ஒவ்வொரு அணிக்கும் மாற்று ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அதோடு பிட்சரின் வேலை பெரும்பாலும் தனியாகச் செய்யும் வேலை. புதிய அணிக்கு வந்த மறுநாளே மேட்டில் ஏறி வீசலாம். பந்தைப் பிடிக்கும் கேட்சரோடு மட்டும் உடனே ஒத்துப்போக வேண்டும்: எந்தப் பந்தை எப்போது விரும்புவார், எந்த சைகைக்கு என்ன அர்த்தம் என்று. பதினான்கு அணிகள் என்றால் எத்தனை கேட்சர்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2011ல டொராண்டோ, அப்புறம் டெவில் ரேஸ், ரேஸ்னு ரெண்டு பேர்... கணக்கு பதினஞ்சு வரணுமே?

கூர்மையான கேள்வி. டாம்பா பே அணி 2007 வரை டெவில் ரேஸ், 2008 முதல் வெறும் ரேஸ். பெயர்தான் மாறியது, அணி ஒன்று. ஆகவே ஒரே கணக்கு. டொராண்டோவில் 2011இல் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை (மேலே ஒரே நாள் கதையில் சொன்னேன்). ஆடினால்தான் கணக்கு. 2019 மே மாதம் ஓக்லண்டிடமிருந்து டொராண்டோ அவரை மறுபடி வாங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் அவர் மேட்டில் ஏறியபோதுதான் பதினான்காவது அணி, புதிய சாதனை. எட்டு வருடம் முன்னால் சில மணி நேரம் மட்டும் அவரை வைத்திருந்த அணியே அந்த எண்ணை முடித்துக் கொடுத்தது.

அந்த சீசன் அவருக்கு நன்றாகப் போகவில்லை. டொராண்டோ விட்டது, டெட்ராய்ட் எடுத்தது, இரண்டிலும் சேர்த்து ஈ.ஆர்.ஏ. ஒன்பதைத் தாண்டியது. மேஜர் லீக்கில் அதுவே கடைசி.

ரிச் ஹில் இந்த சாதனையைத் தாண்டிட்டாரா?

இன்னொரு ஜர்னிமேன் பிட்சரான ரிச் ஹில் சமன் செய்தார், தாண்டவில்லை. 2025 ஜூலையில், 45 வயதில், கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக அவர் வீசியது அவருடைய பதினான்காவது அணி. அங்கே இரண்டு ஆட்டம் மட்டும்.

இருவரையும் ஒரே தட்டில் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹில் இடது கைக்காரர், வேகத்தை நம்பாதவர், சுழன்று விழும் கர்வ் பந்தை நம்பியவர். 2015இல் மேஜர் லீக் அமைப்புக்கு வெளியே உள்ள லாங் ஐலண்ட் டக்ஸ் அணிவரை போய், அங்கிருந்து மீண்டு வந்து, அடுத்த வருடக் கடைசியில் டாட்ஜர்ஸிடம் மூன்று வருடத்துக்கு 4 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றவர். ஹில்லுக்கு நல்ல காலம் முப்பத்தைந்துக்குப் பின்னால் வந்தது. ஜாக்சனுக்கு இருபதுகளில் வந்தது.

ஒலிம்பிக்ல ஆடினாராமே, அது மேஜர் லீக் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லையே?

சரிதான், அப்போது அனுமதி இல்லை. மேலே சொன்ன 40 பேர் பட்டியலில் இருந்த யாரையும் மேஜர் லீக் அணிகள் அந்த ஒலிம்பிக்ஸுக்கு விடவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸின்போது ஜாக்சன் எந்தப் பட்டியலிலும் இல்லை, அதனால்தான் ஆட முடிந்தது. அமெரிக்க அணியில் இளையவர்களும் அவரைப் போன்ற மூத்தவர்களும் கலந்து இருந்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஜப்பான் 2–0 என்று ஜெயித்தது. அமெரிக்காவுக்கு வெள்ளி. 37 வயதில் அவருக்குக் கிடைத்தது ஒலிம்பிக் பதக்கம். ஓய்வை அவர் அறிவித்தது 2022 செப்டம்பரில்.

இப்படி அலைஞ்சவங்களுக்கு ஓய்வூதியம் எல்லாம் உண்டா?

உண்டு, அணி கணக்கே இல்லை, நாள் கணக்குதான். மேஜர் லீக் பட்டியலில் 43 நாள் இருந்தாலே ஓய்வூதியத்துக்குத் தகுதி. பத்து வருடம் முடித்தால் முழுத் தொகை. 172 நாள் சேர்ந்தால் ஒரு வருடமாகக் கணக்கு. ஜாக்சன் பத்து வருடத்தைத் தாராளமாகத் தாண்டியவர். ஆனால் ஜர்னிமேன்கள் எல்லோரும் அவரைப் போல இல்லை. மைனர் லீக்கிலேயே பத்து வருடம் ஓடி, மேலே 40 நாள் மட்டும் நின்றவர்கள் இருக்கிறார்கள். செப்டம்பரில் இன்னும் மூன்று நாள் வைத்திருந்தால் வாழ்நாள் முழுக்க ஒரு தொகை வந்திருக்கும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் அணி நிர்வாகத்தின் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவாகிறது.

அவர் வீசினதைப் பார்க்கணும்னா எந்த ஆட்டத்தை பார்க்கலாம்?

2010 ஜூன் 25 ஆட்டத்தின் பதிவைத் தேடுங்கள். முழுதாக இரண்டரை மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் மூன்றாவது இன்னிங்ஸை மட்டும் பாருங்கள். மூன்று பேஸும் நிரம்பி, பந்து அவர் சொன்னபடி கேட்காத நேரத்தில், வேகத்தைக் குறைக்காமல் தொடர்ந்து வீசுகிறார். பிறகு நேராகக் கடைசி இன்னிங்ஸுக்குப் போங்கள். ஜேசன் பார்ட்லெட் அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) போய் அவுட் ஆகும்போது, எண்ணிக்கை 149. அதற்கு அடுத்ததாக 2018இல் ஓக்லண்டுக்காக வீசிய ஆட்டங்களில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும், வாக் குறைந்திருக்கும், எந்தப் பந்தை எங்கே போட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் தெரிவார்.